பஸ்ஸுக்குக் கேட்ட பத்து நிமிடம்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். விளையாட்டுப் போட்டியும் விடுதிக் குறும்புகளும் போன மலர்களிலேயே வந்துவிட்டன. மிஞ்சியிருப்பது பஸ் கடிதம்தான்.

பள்ளி விடுவது 2 மணிக்கு. எங்கள் பக்கம் போகும் பஸ்ஸும் அதே 2 மணிக்கு. மணியடித்து நாங்கள் கேற்றைத் தாண்டும்போது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரியும். அடுத்தது 3.15க்கு. பத்தாம் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து பஸ் சேவை அதிகாரிக்குக் கடிதம் எழுதினோம். "சொல்லொணாத் துயரில் உழலும் மாணவர் சமுதாயத்தின் கண்ணீரைத் துடைக்க" என்று தொடங்கி இரண்டரைப் பக்கம். போதாததற்குக் கடைசியில் வீதி விளக்கு, குடிநீர்க் குழாய் என்று ஊர்க்குறை முழுவதையும் சேர்த்தோம். எழுதியவன் நான். அதில் பெருமை வேறு. பதிலே வரவில்லை.

தமிழாசிரியரிடம் போய் முறையிட்டோம். நகலைக் கேட்டார். நகல் எடுத்திருந்தால்தானே! முதல் திட்டு அதற்கு. எழுதியதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதை வாசிச்சு முடிச்ச மனுசன் இனி என்ன செய்ய வேணும், தம்பி?" என்றார்.

"எங்களுக்கு உதவ வேணும், சேர்."

"எப்பிடி?"

நாலு பேரும் நிலத்தைப் பார்த்தோம்.

மறு வாரம் ஐந்து நாளும், முறை வைத்து, ஒருவன் கொப்பியோடு கேற்றடியில் நின்றோம். அவனுக்கு மட்டும் கடைசிப் பாடத்தில் பத்து நிமிடம் விடுதலை. பஸ் வந்த நேரம், ஏறியவர்கள், தவறவிட்டவர்கள். திங்கட்கிழமை ஏறியவர் 3, தவறவிட்டவர் 41. அந்த 41 பேரும் டிக்கெட் எடுக்க இருந்தவர்கள் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. ஆசிரியர்தான் சொன்னார். அதிகாரிக்கு எங்கள் கண்ணீரைவிட அது விளங்குமாம்.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். "பொருள்" என்ற வரியிலேயே கோரிக்கை முடிந்துவிட்டது: பிற்பகல் 2.00 மணி பஸ்ஸை 2.10க்கு மாற்றித் தருதல். கீழே ஐந்து நாள் கணக்கு. இணைப்பாகப் பெற்றோரின் கையொப்பங்கள். விளக்கும் குழாயும் போய்விட்டன. "அதிகாரிகளின் மெத்தனப்போக்கு" என்று ஒரு இடத்தில் ஆசையாக வைத்திருந்தேன், சிவப்பு மையால் வெட்டினார். திட்டு வாங்கியவன் தன்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பான், பஸ்ஸைப் பார்க்கமாட்டான் என்றார். பதிவுத் தபாலில் போட்டு, ரசீதை நகலோடு சேர்த்துக் குத்தி வைத்தார். மூன்று வாரமாகியும் சத்தமில்லை. அந்தக் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு நாலு வரியில் ஒரு நினைவூட்டல் போனது.

2016இல் அமெரிக்காவின் பிளின்ட் நகரத்தில், குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்த விவகாரத்துக்காக மாரி கோப்பெனி என்ற எட்டு வயதுச் சிறுமி ஜனாதிபதி ஒபாமாவுக்கு எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்த ஆசிரியர் ஞாபகம்தான் வந்தது. பஸ்ஸில் வாஷிங்டன் வருகிறோம், உங்களையோ உங்கள் மனைவியையோ சந்திக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. அந்த மே மாதம் ஒபாமாவே பிளின்டுக்குப் போனார். (தண்ணீர் சீராக வருடக்கணக்கானது வேறு கதை.)

எங்களுக்கும் பதில் வந்தது. அந்த பஸ்ஸை நம்பி அடுத்த சந்தியில் வேறு பஸ் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள், பத்து நிமிடம் தர முடியாது, ஏழு தரலாம் என்று. 2.07. ஓடினால் பிடிக்கலாம். ஓடினோம்.

நன்றிக் கடிதமும் எழுத வைத்தார். கடைசி வரியில், பஸ் தரிப்பிடத்துக்கு ஒரு கூரையும் போட்டுத் தந்தால் நல்லது என்று மெல்லச் செருகினேன். மறுபடியும் சிவப்புக் கோடு.

"அதுக்கு வேற கடிதம், தம்பி."

எழுதினோம். கூரை வந்தபோது நாங்கள் பள்ளியை விட்டு மூன்று வருடமாகியிருந்தது.