அம்மாவின் சொப்பிங் பை

பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், குடும்ப அட்டை என்று அம்மாவின் கடதாசிகள் எல்லாம் ஒரு சொப்பிங் பையில்தான் இருக்கின்றன. 2009இல், கடைசிப் போரில், முல்லைத்தீவு மாத்தளன் வரை நனையாமல் கொண்டுவந்த பை. கிளிநொச்சியில் எந்தக் கந்தோருக்குப் போனாலும், போன மாதம் கொடுத்த அதே அடையாள அட்டைக்கு இன்னொரு போட்டோக் கொப்பி கேட்பார்கள்.

பழைய அட்டை எண்ணில் முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக, கொப்பி எடுக்கிற பொடியனுக்கே அம்மாவின் வயது தெரியும்!

ஐரோப்பாவில் உள்ள எஸ்தோனியாவில் இப்படிக் கொப்பி கொப்பியாகக் கேட்பதற்குப் பதிலாக வேறு வழி: தகவல் அந்தந்தத் திணைக்களத்திலேயே இருக்கிறது. எக்ஸ்-ரோட் என்ற இணைப்பு வழியாக, வேண்டியதை மட்டும் ஒன்றிடம் ஒன்று கேட்டு வாங்கும். தன் விவரத்தை எந்தத் திணைக்களம் எப்போது பார்த்தது என்று, பல சேவைகளில், சனங்களே இணையத்தில் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். இலங்கையில் நம்மிடமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தன் தரவைப் பார்க்க, திருத்தக் கேட்கும் உரிமை அதில் உண்டு.

சரி, எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிப் போனில் போட்டுத் தாறன் என்றேன்.

"போடு பிள்ளை. பையை மட்டும் எறிஞ்சு போடாத."