நம்ம பலகை

நேத்து ராத்திரி ஏழரை மணி போல நம்ம மரக்கறி வெட்டுற பலகை வீடு வந்து சேந்துச்சு. "ஒரே ஒரு நாளைக்குண்ணே"ன்னு வாங்கிட்டுப் போனது, பதினோரு நாள் கழிச்சு, த்ரீவீல் பின்சீட்டுல தனியா, மேல ஒரு பழைய சாரத்தப் போத்திக்கிட்டு, ஆஸ்பத்திரியில டிக்கெட் வெட்டி வீட்டுக்கு வர்ற பெருசு மாதிரி வந்து எறங்குச்சு. த்ரீவீலுக்கு சல்லி குடுத்ததும் நான்தான், அத விடுங்க. சாரத்தத் தூக்குனா குப்புன்னு கருவாட்டு வாசம். திருப்பிப் பாத்தா பின்பக்கம் செவப்பு எனமல் பெயின்ட்ல, ரெண்டு இஞ்சி எழுத்துல, "எஸ்.எம்."

என் பேருல எஸ்ஸும் கெடையாது, எம்மும் கெடையாது.

சட்டி பானைக்கு எழுத்து போடுறது நம்ம ஆளுங்க பழக்கந்தான், இல்லங்கல. சடங்கு வீடு, கோயில் சமையல்னு போற அண்டா கரண்டி மாறிப்போகும்னு அடியில ஒரு அடையாளம் வெட்டி வைப்பாங்க. எங்க வீட்டுலயே "பி.கே"ன்னு வெட்டுன ஒரு செம்பு இருக்கு, அந்த பி.கே யாருன்னு அப்பா சாகுற வரைக்கும் சொல்லவே இல்ல. ஆனா அடுத்தவன் சாமான எரவலா வாங்கி, அது தொலஞ்சிறக் கூடாதேன்னு பொறுப்பா தன்னோட பேர எழுதி, பத்திரமா திருப்பி அனுப்புற நல்ல மனச நான் இப்பத்தான் பாக்குறேன்.

இந்தப் பலகைக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க குடுத்து வச்சவங்க.

மொதல்ல இருந்தது அந்தப் பச்சக் கலர் பிளாஸ்டிக். பீட்ரூட்டும் மஞ்சளும் ஊறி, கத்தி கீறுன கோடெல்லாம் கறுத்துப்போயி, பாத்தாலே பாவமா இருக்கும். அன்னைக்கு ஞாயித்துக்கெழம நான் லீக்ஸ் வெட்டுறேன்னு ஒக்காந்தேன். நுவரெலியா லீக்ஸ், கொழந்த கை தண்டிக்கு இருந்துச்சு. பலகை சர்ருன்னு வழுக்குச்சு, எடது ஆள்காட்டி வெரல் நகத்துல பாதி லீக்ஸோட போயிருச்சு. அடியில ஈரத்துணிய மடிச்சுப் போட்டா எந்தப் பலகையும் அசையாதுன்னு இப்ப எனக்குத் தெரியும். அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா சல்லி மிச்சம், இந்தக் கதையும் மிச்சம்.

வெரல்ல கட்டோட ராத்திரி தூக்கம் வராம வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். மூணு வாரம். கண்ணாடிப் பலகை கத்திய மொட்டையாக்கிரும்னு படிச்சேன். மரத்த நீளவாக்குல அறுத்துப் போடுறது ஒரு ரகம், குறுக்க அறுத்து நார் முனை மேல பாக்குற மாதிரி கட்டைகட்டையா ஒட்டுறது இன்னொரு ரகம். ரெண்டாவதுல கத்தி நாரை அறுக்காம நாருக்கு எடையில எறங்கிட்டு வெளிய வந்துரும், கோடு விழுறது கொறவு, கத்திக்கும் நோவு இல்ல. அடடா என்னா கண்டுபிடிப்புன்னு வாய பொளந்துட்டு மறுநாள் டவுனுக்குப் போனா, இறைச்சிக் கடை நானா அவரு வாப்பா காலத்துப் புளியமரக் கட்டைய போட்டு எலும்ப கொத்திக்கிட்டு இருக்காரு. நட்டக்குத்தலா நிக்கிற அடிமரத்துண்டு. அதே ரகந்தான். நடுவுல குழிஞ்சு கெடக்கு, அவ்வளவுதான். மூணு வாரம் தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு நான் படிச்ச படிப்பு ஹட்டன் டவுன்ல ஈ மொய்ச்சுக்கிட்டு இருந்திருக்கு.

சரி, செய்யுறது யாரு? நம்ம தச்சு வேல பாஸ்தான். எங்க வீட்டு அலுமாரி கதவு இன்னும் மூடாம இருக்கே, அதே பாஸ். மனுசன் மேசைக்கு நாள் சொன்னா வருசம் கழிச்சு வருவாரே ஒழிய, மரத்தப் பத்திக் கதைக்கச் சொன்னா விடியவிடிய கதைப்பாரு. டர்பன் மரமா, வேணவே வேணாம், முறுக்கிக்கிட்டு வெடிக்கும். பைனஸா, மெத்து, பால் வாசம் போகாது. தேக்கு போடலாமான்னேன். "தேக்குல மண்ணு மாதிரி ஒரு சத்து இருக்கு தம்பி, உளியே மழுங்கும், ஒன் கத்தி எம்மாத்திரம்"ன்னாரு. நான் நம்பல. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா மெய்யாவே தேக்குல சிலிக்கா இருக்கு. அப்புறம் பேசாம அவரு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனேன்.

கடைசியில பலா. பலா மரத்த நெனச்ச நேரம் வெட்ட ஏலாது, பெர்மிட் வேணும். கினிகத்தேனப் பக்கம் ஒரு பழைய வீட்ட ஒடச்சப்ப கழட்டுன பலகை அவருகிட்ட கெடந்துச்சு, வெளிய கறுத்துப்போயி. ஒரு இழுப்பு இழைச்சுக் காட்டுனாரு பாருங்க, உள்ள மஞ்சமஞ்சேர்னு, பலாச்சுளைய பொளந்து வச்ச மாதிரி. அதுலயே விழுந்துட்டேன். கட்டகட்டையா ஒட்டித் தாங்கன்னு கேட்டதுக்கு, இந்த மழையில அத்தன ஒட்டு ஒட்டுனா அடுத்த தீவாளிக்குள்ள பிரிஞ்சிரும், மூணு பட்டையா அறுத்து நீளவாக்குலயே ஒட்டுறேன், ஒத்தப் பலகையா போட்டா நெளியும்னாரு. அளவு என்னான்னாரு. 24க்கு 18, தடிப்பு 2 இஞ்சின்னேன். பென்சில காதுல இருந்து எடுத்தவரு மறுபடி காதுலயே சொருகிட்டு, "பலகையா கேட்ட, கதவா கேட்ட?"ன்னாரு.

வந்தப்புறந்தான் தெரியுது, நம்ம குசினி சிலாப்போட அகலமே 24 இஞ்சி. சின்க் 16. கழுவுறதுன்னா வெளிய பைப்படிக்குத் தூக்கிட்டுப் போயி கைப்புள்ளைய குளிப்பாட்டுற மாதிரி மடியில வச்சுத்தான் கழுவணும். மரக்கறிக் கடைத் தராசுல வச்சுப் பாத்தேன், ஒம்பது கிலோவும் கொஞ்சமும். அம்மா கேட்டுட்டு, "ஒம்பது கிலோவா? அப்ப எங்க மலையில ஒரு பேருக்கு, அதான் ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து. இதத் தூக்கிட்டு வந்தா கணக்கப்புள்ள அரப்பேரு போட்டிருப்பாரு"ன்னுச்சு.

அடுத்தது எண்ணெய். சமையல் எண்ணெய் தடவுனா நாளாக நாளாக சிக்கு வாடை அடிக்கும், மினரல் ஆயில்தான் தடவணும்னு படிச்சிருந்தேன். எங்க தேடியும் இல்ல. அப்புறந்தான் வெளங்குச்சு, பார்மசியில விக்கிற லிக்விட் பரஃபின்தான் அது. போயி மூணு போத்தல் குடுங்கன்னேன். அது மலச்சிக்கலுக்கு குடிக்கிற மருந்துன்னு எனக்குத் தெரியாம இல்ல, ஆனா அந்த நேரத்துல ஞாபகம் இல்ல. கவுன்டர்ல இருந்த பொண்ணு என்னைய ஒரு பார்வ பாத்துட்டு, கொரல எறக்கி, "எத்தன நாளா சேர்?"ன்னுச்சு. பின்னால சின்னவனோட கிளாஸ் டீச்சர். "பலகைக்கு"ன்னேன். அதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்கல, டீச்சர்தான் ரெண்டடி தள்ளி நின்னாங்க.

வீட்டுல இவ தனி வழக்கு. மரம் சுத்தமில்ல, கிருமி ஒட்டிக்கும், பிளாஸ்டிக்தான் நல்லதுன்னு. நானும் விடல. 1990கள் தொடக்கத்துல விஸ்கொன்சின் யுனிவர்சிட்டியில டீன் கிளைவர்னு ஒரு பேராசிரியர், மரப்பலகைய எப்புடி பிளாஸ்டிக் அளவுக்கு சுத்தமாக்கலாம்னு தேடப்போயி, மரத்துல விட்ட கிருமி உள்ள உறிஞ்சப்பட்டு திரும்ப எடுக்கவே ஏலாம போறதையும், கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்ல அது கையால கழுவியும் தங்குறதையும் கண்டாருன்னு ஒரு லெக்சர் குடுத்தேன். முழுசையும் கேட்டுட்டு, கரட் சீவிக்கிட்டே, "அந்தாளு வீட்டுல பலகைய கழுவுனது யாரு?"ன்னா. அதப் பத்தி யாரும் ஆராய்ச்சி பண்ணுன மாதிரி தெரியல.

ஆடி மாசம் நம்ம பக்கம் எப்புடின்னு சொல்லவா வேணும். உள்பனியன் காய அஞ்சு நாள். மொத வாரத்துலயே பலகைய ஈர சிலாப்புல படுக்க போட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன், வந்து பாத்தா அடிப்பக்கம் தண்ணிய குடிச்சு உப்பி, மேப்பக்கம் குழிஞ்சு, கத்திய வச்சா டொக்கு டொக்குன்னு ஆடுது. திருப்பிப் போட்டு மறுபக்கத்த நனச்சு நிமுத்துனேன். கழுவுனா ரெண்டு பக்கமும் கழுவணும், காயும்போது நெட்டுக்குத்தா நிறுத்தணும். அப்ப இருந்து அடுப்புக்கு ரெண்டடி தள்ளி, சின்னவனோட ஸ்கூல் சட்டைக்கு கீழ, செவுத்துல சாஞ்சு நிக்கும். வீட்டுக்கு வர்றவங்கெல்லாம் "என்னாண்ணே, கேரம் போர்டா?"ம்பாங்க.

வந்த ஒரு மாசத்துல அது என்னென்னா வேல செஞ்சுச்சுன்னா: தண்ணி பீப்பாய்க்கு மூடி, கோழிக்கூட்டு வாசலுக்கு மரநாய் வராம முட்டு, யூனிபோர்ம் அயன் பண்ண மேசை, சின்னவனுக்கு ஸ்டம்ப், வெள்ளிக்கெழம புள்ளையாருக்கு பீடம். மரக்கறி வெட்டுனது நான் மட்டுந்தான், அதுவும் ஞாயித்துக்கெழம.

அம்மா தொடவே இல்ல. அம்மாவுக்குப் பலகையே கெடையாது, எப்பவும் கையிலதான். போஞ்சிய ஒரு புடியா சேத்து எடது கையில வச்சு, கத்தியோட வாய தன் பக்கம் பாக்க வச்சு, கட்டவெரலு வரைக்கும் இழுத்து இழுத்து வெட்டும். கத்தி வெரல்ல வந்து நிக்கிற சத்தம்கூட கேக்காது. நறுக்கு நறுக்குனு போஞ்சி மட்டும் கீழ தட்டுல விழும், ஒண்ணு மாதிரி ஒண்ணு. கண்ணு டீவியில. ஒருநா பக்கத்துல ஒக்காந்து அந்தக் கட்டவெரல புடிச்சுப் பாத்தேன். குறுக்கும் நெடுக்குமா மெல்லிசு மெல்லிசா கோடு, கோட்டுக்குள்ள 31 வருசக் கொழுந்துக் கறை, பென்சன் வாங்கி எத்தனையோ வருசமாயும் போகல. நம்ம பழைய பச்சப் பலகைதான் சட்டுனு ஞாபகம் வந்துச்சு. "என்னாடா பாக்குற?"ன்னுச்சு. எண்ணெய் தடவவான்னு கேட்டேன். பைத்தியம்னு சொல்லிட்டு கைய இழுத்துக்கிச்சு.

இப்புடி இருக்கையிலதான் மேல்வீட்டு அக்கா, மக சடங்குக்கு சமையல்காரங்க கேக்குறாங்கன்னு வந்து நின்னுச்சு. குடுக்க மனசில்ல. இவ முந்திக்கிட்டு, "தாராளமா எடுத்துக்கிட்டு போங்கக்கா, எடம் அடைச்சுக்கிட்டுத்தானே கெடக்கு"ன்னுட்டா. சடங்கு முடிஞ்ச மறுநா கேட்டா, கோயில் அன்னதானத்துக்கு போயிருக்காம். கோயில்ல கேட்டா கீழ் டிவிசன்ல ஒரு கருமாதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். "ரொம்ப வசதியான பலகைண்ணே, ஒரே நேரத்துல மூணு பேரு நின்னு வெங்காயம் வெட்டுனோம்"னு போற எடமெல்லாம் பாராட்டு. என் புள்ளைய வெளிநாட்டுல பாத்தேன்னு ஆள் ஆளுக்கு சொல்ற மாதிரி இருந்துச்சு.

நேத்து ராத்திரியே கல்லுப்பு போட்டு, பாதி தேசிக்காய வச்சு தேய்தேய்னு தேச்சேன். கருவாடு கொஞ்சம் அடங்குச்சு. ஆனா ஒண்ணு புரியல. சடங்கு வீட்டுல ஆட்டெறச்சி, கோயில்ல சைவம், கருமாதி வீட்டுலயும் சைவந்தானாம். அப்ப கருவாடு வெட்டுன நாலாவது வீடு எது? எஸ்.எம் யாரு? மேல்வீட்டு அக்கா தனக்குத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணுது, கோயில் தலைவரு நாளைக்கு விசாரிக்கிறேங்குறாரு, ஏதோ நகை களவு போன மாதிரி. தேய்க்கையில இன்னொண்ணும் கண்டேன், பக்கவாட்டுல ரோஸ் கலர் நெயில் பொலிஷ்ல சின்னதா "ரா". ஆக மொத்தம் இப்ப பலகைக்கு ரெண்டு சொந்தக்காரங்க, அதுல நான் இல்ல.

இன்னைக்கு காலையில வேற, அக்கா படியில நின்னுக்கிட்டு, "அண்ணே, ஞாயித்துக்கெழம தங்கச்சி வீட்டுல ஒரு விசேசம், நம்ம பலகைய..."ன்னு ஆரம்பிச்சுச்சு. நம்ம பலகையாம். மணல்பேப்பர் வாங்கணும், எஸ்.எம்-ஐ சுரண்டணும்னு கோவத்தோட லிக்விட் பரஃபின் போத்தலத் தேடி எடுத்துக்கிட்டு குசினிக்குள்ள போனா, சாத்தி வச்ச எடத்துல பலகையக் காணோம்.

அடுப்படியில தரையில கெடக்கு. அம்மா அது மேல சம்மணம் போட்டு ஒக்காந்து, கையிலயே போஞ்சி வெட்டிக்கிட்டு இருக்கு.

"சிமெந்து தரை சில்லுனு இடுப்புல ஏறுதுடா. இது நல்லா கதகதன்னு இருக்கு, அகலமாவும் இருக்கு. எழுத்து போட்ட பக்கத்துலதான் ஒக்காந்திருக்கேன், நீ மத்தப் பக்கம் வெட்டிக்க."

போஞ்சி இன்னும் அரைக்கட்டு இருக்கு. அம்மா எந்திரிக்கட்டும்னு போத்தலோட நிக்கிறேன்.