சுற்றோட்டம் நிற்கும் நிமிடங்கள்: பெருந்தமனி அறுவை நாட்குறிப்பு

ஜூன் 3

பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் சுவரடுக்குகளுக்கு நடுவே புகுந்து போலிப்பாதை ஒன்றை உண்டாக்குவதுதான் டைசெக்‌ஷன். இதயத்திலிருந்து மேலேறும் பகுதியை அது தொட்டுவிட்டால் ஸ்டான்ஃபோர்டு ஏ வகை. உடனே அறுவை மேசைக்குப் போக வேண்டும். இந்த நோய்க்கான பன்னாட்டுப் பதிவேடான ஐராட் 2000-ல் வெளியிட்ட முதல் அறிக்கையில் 464 நோயாளிகள். ஏ வகையில் அறுவை செய்துகொண்டவர்களில் 26 சதவீதமும், மருந்தோடு நின்றவர்களில் 58 சதவீதமும் இறந்தார்கள். இரண்டையும் கழித்து அறுவையின் பலன் இவ்வளவு என்று சொல்லிவிடக் கூடாது. முதுமையாலோ வேறு நோய்களாலோ மேசைக்கே கொண்டுபோக முடியாதவர்கள் அந்த 58-க்குள்தான் இருக்கிறார்கள்.

ஜூன் 5

கிழிந்த பகுதியை வெட்டியெடுத்து, அங்கே கிராஃப்ட்டை (செயற்கைத் துணிக்குழாயை) வைத்துத் தைப்பதுதான் அறுவை. பெருந்தமனியில் கிளாம்ப் (இடுக்கி) போட்டபடியே மறுமுனையைத் தைக்கலாமே என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பிளந்த சுவரில் கிளாம்பின் பல் பட்டால் அங்கேயே புதுக் கிழிசல் உண்டாகும். வளைவின் உட்புறத்தில் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. அதனால்தான் உடலைக் குளிர்வித்து, பம்ப்பை (இதய-நுரையீரல் இயந்திரத்தை) நிறுத்தி, திறந்த நிலையில் தைக்கிறோம்.

எத்தனை நிமிடம் நிறுத்தலாம்? மூளையின் ஆக்சிஜன் செலவை அளந்து 1999-ல் வெளியான கணக்கின்படி, 30 டிகிரியில் 9 நிமிடம், 25-ல் 14, 20-ல் 21, 15-ல் 31. நினைப்பதைவிடக் குறைவு. 20 டிகிரியில்கூட இயல்பான செலவில் கால்பங்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

குளிர்விக்க அவசரப்பட்டால் நாசித்தொண்டை உணரி 20 காட்டும்போது சிறுநீர்ப்பை உணரி 25-லேயே நிற்கும். இரண்டும் நெருங்கிவரக் காத்திருப்பது நேர விரயம் அல்ல.

ஜூன் 9

மூளைக்கு மட்டும் ஓட்டத்தைத் தொடரும் முறை. வலது காறை எலும்புக்குக் கீழே வெட்டி, அக்குள் தமனியில் 8 மி.மீ. கிராஃப்ட்டைப் பக்கவாட்டில் தைத்து, அதன் வழியே பம்ப்பை இணைக்கிறோம். நேரடியாகக் குழாய் செருகினால் பிளவு அங்கேயே புதிதாகத் தொடங்கலாம். சுற்றோட்டத்தை நிறுத்தியதும், வளைவிலிருந்து வலப்புறம் பிரியும் பொதுத்தமனியின் அடியில் கிளாம்ப். இனி ரத்தம் வலது கழுத்துத் தமனி, முதுகெலும்புத் தமனி வழியே மூளைக்கு மட்டும் போகும். கிலோவுக்கு நிமிடத்திற்கு 10 மி.லி.; 60 கிலோ ஆளுக்கு 600 மி.லி. வலது மணிக்கட்டு அழுத்தம் 50 முதல் 70 மி.மீ. வரை. அதற்கு மேல் ஏற்றினால் மூளை வீங்கும்.

ஒரு எச்சரிக்கை: முழு ஓட்டத்தின்போது வலது மணிக்கட்டு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் கிராஃப்ட் அதே கைக்குப் போகும் தமனியில் இருக்கிறது. அப்போது இடது மணிக்கட்டைத்தான் நம்ப வேண்டும். இரண்டு பக்கமும் அழுத்தம் அளக்கும் லைன் போடச் சோம்பக் கூடாது.

மூளையின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் நெற்றி உணரிகளில் இடப்பக்க எண் தொடக்க மதிப்பிலிருந்து 20 சதவீதம் இறங்கினால்? வலப்பக்க ரத்தத்தை இடப்பக்கத்துக்குக் கடத்தும், மூளையின் அடித்தளத் தமனி வளையம் எல்லாருக்கும் முழுமையாக இருப்பதில்லை. முதலில் அழுத்தம், பிறகு தலையின் சாய்வு, ஹீமோகுளோபின், கார்பன் டை ஆக்சைடு அளவு. இடது கைத் தமனியின் வாயிலிருந்து ரத்தம் பின்னோக்கிக் கொட்டினால் அதை அடைக்க வேண்டும். மூளைக்குப் போக வேண்டியது அங்கே வழிந்துகொண்டிருக்கும். அப்போதும் எண் ஏறவில்லையென்றால், இடது கழுத்துத் தமனிக்குள் பலூன் முனைக் குழாயைக் கண்ணுக்குத் தெரியச் செருகி, காற்றை வெளியேற்றிவிட்டு ஓட்டம் திறக்க வேண்டும்.

ஜூன் 12

ஏ வகை நோயாளிகளுக்கான ஜெர்மனியின் கெராடா பதிவேடு, மூளைப் பாதுகாப்பு பற்றிய 2011 கட்டுரை. 1,558 நோயாளிகள், 355 பேருக்குக் குளிர்ச்சி மட்டும், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒருபக்க அல்லது இருபக்க மூளை ஓட்டம். நிறுத்தம் 30 நிமிடத்துக்குள் இருந்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. அதைத் தாண்டினால் குளிர்ச்சி மட்டும் பெற்றவர்களில் இறப்பு ஏறுகிறது. ஒருபக்கமா இருபக்கமா என்பதில் தெளிவான வெற்றி இல்லை. எந்த முறை யாருக்கு என்பதை முடிவுசெய்தது குலுக்கல் அல்ல, அறுவை மருத்துவர்.

ஜூன் 15

தையல். பிளந்த சுவர் நனைந்த காகிதம் மாதிரி; நூலைப் பக்கவாட்டில் இழுத்தால் வெட்டிக்கொண்டே வரும். அதனால் சுவரின் உள்ளே ஒரு டெஃப்லான் பட்டை, வெளியே ஒன்று, நடுவில் இரண்டு அடுக்குகளும் ஒட்டும்படி 4-0 பாலிப்ரொப்பிலீன் நூல். போலிப்பாதையின் வாய் இப்படித்தான் மூடுகிறது. ஊசியை அதன் வளைவிலேயே சுழற்றி எடுக்க வேண்டும், நேராக இழுத்தால் துளை கண்ணீர்த்துளி போல நீண்டுவிடும். உதவியாளர் நூலைத் தையல் வரியின் திசையிலேயே பிடித்திருக்க வேண்டும். அடுக்குகளை ஒட்டவைக்கும் பசையை அதிகம் ஊற்றுவது ஆபத்து: உட்கிழிசல் வழியே பாதைக்குள் கசிந்து தமனிகளை அடைக்கலாம், பிறகு அந்தத் திசுவே செத்துப்போகலாம்.

முடிந்ததும் தொடை வழியே பம்ப்பைத் தொடங்காமல் கிராஃப்ட்டின் பக்கக் கிளை வழியே முன்னோக்கித் தொடங்கினால் உண்மைப்பாதை (ரத்தம் இயல்பாக ஓடும் பாதை) நிரம்பும். காற்றும் துகளும் வெளியேறிய பிறகே வேகம். சூடேற்றும்போது பம்ப்பிலிருந்து வரும் ரத்தம் 37 டிகிரியைத் தாண்டக் கூடாது.

ஜூன் 20

எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் முடிவைத் தீர்மானிப்பதில் பாதி, நோயாளி வரும்போதே நடந்துமுடிந்திருக்கிறது. 2015-ல் கெராடா தந்த எண்கள்: உறுப்புகளுக்கு ரத்தம் தடைபடாதவர்களில் இறப்பு 12.6 சதவீதம், ஓர் உறுப்பு மண்டலம் பாதிக்கப்பட்டால் 21.3, இரண்டு 30.9, மூன்று 43.4. இதைப் பிரிக்காமல் எந்த மருத்துவமனையின் இறப்பு விகிதத்தையும் இன்னொன்றோடு ஒப்பிடுவது அநியாயம். குடலுக்கு ரத்தம் போகாதவரை இரவில் எடுத்துக்கொள்ளும் மையத்தின் எண் மோசமாகத்தான் தெரியும்.

ஜூன் 24

உறைந்த யானைத்துதிக்கை என்ற கிராஃப்ட் முறை. ஜெர்மன் அறுவை மருத்துவர் போர்ஸ்ட் 1983-ல் விவரித்த மூல முறையில் கிராஃப்ட் கீழ்ப்பெருந்தமனிக்குள் தளர்வாகத் தொங்கும். இப்போது அந்த முனையில் ஸ்டென்ட் (விரிந்து நிற்கும் உலோக வலைக்குழாய்). போலிப்பாதையை அழுத்தி மூட உதவுகிறது, அதற்கான விலை தண்டுவடத்துக்கு வரும் ஆபத்து. தொகுப்பாய்வில் 10 செ.மீ. ஸ்டென்ட்டுக்குத் தண்டுவடப் பாதிப்பு 2.5 சதவீதம், 15 செ.மீ. ஆனாலோ எட்டாவது மார்பு முள்ளெலும்பு வரை போனாலோ 11.6. பத்தே போதும் என்ற பக்கம்தான் இந்தக் குறிப்பு.

ஜூன் 26

பதிவுத் தாளில் "நிறுத்த நேரம்" என்று ஒரே கட்டம் இருந்தால் பயனில்லை. மூளைக்கு ஓட்டமே இல்லாத நிமிடங்கள் தனி, மூளைக்கு மட்டும் ஓட்டம் இருந்த நிமிடங்கள் தனி, அடியுடலுக்கு ஓட்டம் நின்ற மொத்த நிமிடங்கள் தனி. 28 டிகிரியில் மூளை பிழைக்க, சிறுநீரகமும் தண்டுவடமும் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் அடிபடுகின்றன. நிறுத்தத் தொடக்க வெப்பநிலையை எந்த உணரி காட்டியது என்பதும் பக்கத்திலேயே.