பாரி வளைவில் ஒரு பள்ளி வாகனம்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தேன். ஆள் மட்டும்தான் வந்திருக்கிறேன், இடுப்பு இன்னும் ஏலகிரி மலையில்தான் கிடக்கிறது. எல்லாம் தார்ப்பாய் அண்ணன் புண்ணியம்.

அண்ணன் லாரிக்காரர். அந்த லாரியை விற்றுவிட்டார். 26 வருஷம் ஓட்டிய மனுஷன் திடீரென்று சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும்? வேலூர் சத்துவாச்சாரி டீக்கடையில் கூடுகிற நாங்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். பாய் டயர் ரீட்ரெடிங் கடை வைக்கச் சொன்னார். வாத்தியார் வட்டிக்கு விடச் சொன்னார். நான், என் டாடா 407 மினி லாரிக்கே டிரைவராக வந்துவிடுங்கள் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். யார் பேச்சையும் கேட்காமல், ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய பழைய வேனை வாங்கிக்கொண்டு வந்து டீக்கடை முன்னால் நிறுத்தினார்.

“இன்னாண்ணா இது?”

“கேரவன்.”

வெளிநாட்டில் ரிட்டையரான கிழவனும் கிழவியும் வீட்டையே வண்டிக்குள் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார்களாம். அவர் பேரன் செல்போனில் காட்டியிருக்கிறான். அங்கே வண்டி நிறுத்தத் தனி இடம், கரண்டுக்கு பிளக், குடிக்கத் தண்ணீர், கழிவுத் தண்ணீர் விடக் குழாய் எல்லாம் இருக்கும். இங்கே இருப்பது புளியமர நிழல்தான், அதையும் ரோடு போடும்போது வெட்டிவிட்டார்கள். சொன்னால் கேட்டால்தானே. “இத்தன வருசத்துல உங்க அண்ணிய ஒரு எடத்துக்குக் கூட்டிக்கினு போனதில்லப்பா. இனிமே வீட்டையே கூட்டிக்கினு போறேன்” என்றார். அதற்கு மேல் என்ன பேச?

சீட்டை எல்லாம் பிடுங்கிக் கட்டில் போட்டார். கேஸ் அடுப்பு, சிங்க், இன்வெர்ட்டர், இரண்டு குட்டி ஃபேன். ஆர்.சி.யில் இதையெல்லாம் மாற்ற எத்தனை நடை நடந்தார் என்பதை எழுத ஆரம்பித்தால் ஏலகிரிக்குப் போய்ச் சேர மாட்டோம், விடுங்கள். மஞ்சளுக்கு மேல் வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். பெயின்டர் காசு மிச்சம் பிடித்தாரா, பெயின்ட் தண்ணியா தெரியவில்லை, வெயில் பட்டால் உள்ளேயிருந்து எழுத்து எழுந்து வருகிறது. காலையில் “ளி வாக” என்று தெரியும். உச்சி வெயிலில் “பள்ளி வாகனம்” முழுசாகவே வந்துவிடும். வேலூர் வெயிலுக்கு எதைத்தான் மறைக்க முடியும்?

ஜன்னல் கம்பிகளை எடுக்கவில்லை, திருட்டு பயம். அண்ணி உள்ளே நின்று வெங்காயம் நறுக்கினால் வெளியிலிருந்து பார்க்க ஏதோ தொரப்பாடி ஜெயிலுக்குக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கும். பின் கதவில் சிவப்பில் எழுதியிருந்த “அவசர வழி”யையும் அழிக்கவில்லை. அண்ணிக்கு அதுதான் சமையல்கட்டு வாசல்.

வெள்ளோட்டம் விட்ட அன்று காலை எட்டு மணி. அலமேலுமங்காபுரம் பக்கம் சிக்னலுக்கு நின்றிருக்கிறோம். ஒரு அம்மா அவசரமாக ஓடி வந்து கதவைத் திறந்து, யு.கே.ஜி. பையன் ஒருவனை உள்ளே ஏற்றி, லஞ்ச் பேக்கைக் கையில் திணித்து, டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டது. பையன் கொஞ்சம்கூட அசரவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, “மிஸ் வர்ல?” என்று அண்ணியைக் கேட்டான். அந்தம்மாவைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பதற்குள், பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று எங்களைச் சுற்றிக் கூட்டமே கூடிவிட்டது. அண்ணன் லைசென்ஸை எடுத்துக் காட்ட, அதிலும் பழைய போட்டோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஒன்பதேகாலுக்குக் கிளம்பினோம், காரணம் அம்மிக்கல். மிக்ஸியில் அரைத்தால் ஒரே நிமிஷத்தில் பேட்டரி படுத்துவிடும் என்று அண்ணன் சொல்லப்போக, அண்ணி அம்மியும் குழவியும் இல்லாமல் வண்டியில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். “சுற்றுலா போறமா, தனிக்குடித்தனம் போறமா?” என்று நான் கேட்டதற்கு அண்ணி பார்த்த பார்வை இருக்கிறதே. ஆளுக்கொரு முனை பிடித்து ஏற்றினோம். என் இடுப்புக்கு முதல் அடி அங்கே விழுந்தது. என் வீட்டுக்காரி, “அந்த ஸ்கூல் வேன்ல நான் வர்றதா?” என்று முந்தின நாளே கழன்றுகொண்டாள். அவள் எப்போதுமே புத்திசாலி.

வேனில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இன்னும் இருக்கிறது. தலைகீழாக நின்றாலும் நாற்பதைத் தாண்டாது. கழற்றலாம் என்றதற்கு அண்ணி விடவில்லை. “அது ஒண்ணுதான் இவரு பேச்சக் கேக்காம கீது, இருக்கட்டும்.” சென்னை பெங்களூர் ஹைவேயில் நாற்பதில் போவது என்ன அனுபவம் தெரியுமா? பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டினதும் கரும்பு லோடு டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து எங்களை ஓவர்டேக் பண்ணியது. ஓட்டிய பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். காலம் பூரா அந்த ரோட்டில் ராஜா மாதிரி போன மனுஷனின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது.

மனசைத் தேற்றிக்கொள்ள அவர் வழக்கமான கதையை எடுத்தார். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து வேலூர் கோட்டைக் கோயிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் லிங்கத்தைக் கொண்டுவந்தார்களே, அந்த லாரியில் அவர் அப்பாதான் கிளீனராம். எங்கள் ஊரில் லாரி வைத்திருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த லாரியில் லிங்கம் ஒன்று, கிளீனர் நாற்பது பேர்.

ஆம்பூரில் பிரியாணி வாசனை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்தது. நிறுத்தச் சொன்னேன். அண்ணி புளிசாதம் கட்டியிருந்ததால் நிறுத்தவில்லை. இதை நான் மறக்க மாட்டேன்.

பொன்னேரியில் மலை ஏற ஆரம்பித்தோம். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பர், கபிலர் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே ஏறினோம். பாரி வந்ததும் வண்டி இரண்டு முறை இருமியது, அப்புறம் நின்றுவிட்டது. முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி என்று சின்ன வயதில் படித்ததற்கு எனக்கு அந்த இடத்தில்தான் அர்த்தம் புரிந்தது. அவன் தேரும் அங்கே மக்கர் பண்ணியிருக்க வேண்டும். இழுத்துப்போக வழியில்லை. கொடி படர விட்டதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பான்.

வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. “கட்ட போடு, கட்ட போடு!” என்று அண்ணன் பிரேக்கில் ஏறி நின்று கத்துகிறார். கட்டை எங்கே இருக்கிறது? லாரியோடு போய்விட்டது. நான் கல் தேடி ஓட, பின்னால் “அவசர வழி” திறந்தது. அண்ணி அம்மிக்கல்லைத் தனியாளாக உருட்டிக் கீழே தள்ளி, கொஞ்சம்கூடப் பதறாமல் பின் டயருக்கு அணைகொடுத்தார். காலையில் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் மூச்சு வாங்கித் தூக்கிய கல். குழவியை முன் டயருக்குப் போட்டார். வண்டி நின்றது. அம்மியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

என்ன கோளாறு என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அண்ணன் கால் டேங்க் டீசலோடு மலை ஏறியிருக்கிறார். ஏற்றத்தில் வளைவு திரும்பும்போது இருக்கிற டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், குழாய் காற்றை உறிஞ்சிவிடும். டீசல் வண்டியில் லைனுக்குள் காற்று புகுந்தால் அவ்வளவுதான், நாள் பூரா செல்ஃப் அடித்தாலும் எடுக்காது. ஃபில்டர் மேல் இருக்கிற ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை நுரையாக வரும், குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் முறுக்க வேண்டும். லாரிக்காரனுக்கு இது மூக்குச் சிந்துகிற வேலை, ஒரு 12-13 ஸ்பேனர் இருந்தால்.

“டூல்ஸ் பெட்டி எங்கண்ணா?”

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி டிரெஸ்ஸிங் டேபிளைப் பார்த்தார். ஆமாம், டூல்ஸ் பெட்டி இருந்த இடத்தில்தான் டிரெஸ்ஸிங் டேபிள் நின்றிருந்தது, பொட்டு ஒட்டிய கண்ணாடியோடு. பெட்டி வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். “வீடு மாதிரி இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? எந்த வீட்டுல ஜாக்கி கீது?” என்றார் அண்ணி. நியாயம்தான்.

டீக்கடைக் கூட்டத்துக்குப் போன் போட்டோம். வாத்தியார் ஃபீட் பம்ப் போய்விட்டது என்று அங்கிருந்தே தீர்ப்பு சொன்னார். இன்னொருத்தர், அது திருப்பத்தூர் மாவட்டம், 2019லேயே பிரித்துவிட்டார்கள், வேலூர் மெக்கானிக் வரமாட்டான் என்றார். மாவட்டம் பிரித்தால் மெக்கானிக்குக்கும் எல்லையா? பாய் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு வாணியம்பாடியில் ஒரு டேனரிக்குத் தோல் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். “எந்த வளைவு?” என்று கேட்டு வைத்துவிட்டார்.

இதற்கிடையில் மேலேயிருந்து இறங்கிய லாரி ஒன்று தானாக ஓரம் கட்டியது. டிரைவர் சின்னப் பையன், இருபத்தைந்துகூட இருக்காது. வண்டியைச் சுற்றிப் பார்த்தான், “ளி வாக”வைப் படித்தான், ஜன்னலில் தொங்கிய அண்ணியின் புடவையைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. “எந்த ஊர் வண்டிண்ணா?” என்று மட்டும் கேட்டுவிட்டு சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கவே, “வெச்சிக்கோங்க, எங்கியாவது ரோட்டுல பாத்தா குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போயே விட்டான்.

ஸ்பேனர் வந்தது, டீசல் போதவில்லை. நாலு மணிக்கு பாய் பைக்கில் வந்தார். ஒரு பக்கம் டீசல் கேன், இன்னொரு பக்கம் பிரியாணிப் பொட்டலம், மேலெல்லாம் உப்புத்தோல் வாசனை. தன் லாரி டேங்கில் டியூப் போட்டு வாயால் உறிஞ்சி எடுத்த டீசல். கொஞ்சம் உள்ளே போய்விட்டதாம், வழியெல்லாம் துப்பிக்கொண்டே வந்திருக்கிறார். டீசலை ஊற்றி, கை பம்பை மாற்றி மாற்றி அடித்து, ஐந்து மணிக்கு வண்டி எடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் ரோட்டோரமே உட்கார்ந்து பிரியாணியைப் பிரித்தோம். பாய் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வைத்துவிட்டார். “கத்திரிக்கா கூட டீசலாத்தாம்பா கீது” என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் அவர் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன்.

மேலே அத்தனாவூரில் வண்டியைப் போட்டோம். அண்ணி லைட்டைப் போட்டு, ஃபேனைப் போட்டு, புது பெட்ஷீட் விரித்தார். நான் முன் சீட்டில் முடங்கினேன். ராத்திரி இரண்டு மணி இருக்கும், குளிரில் முழிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் கட்டிலில் அண்ணன் இல்லை. அண்ணி உட்கார்ந்திருக்கிறார். “அவசர வழி” திறந்திருக்கிறது.

அண்ணி மெதுவாக இறங்கிக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். அங்கிருந்து அண்ணன் குரல்: “மேல தூக்கம் வர்லம்மே. டயர் வாசன இல்லாம கண்ணு மூட மாட்டேங்குது.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“லோடுக்குப் போவும்போதெல்லாம் இப்டித்தான் படுப்பியா?”

“உம்.”

“லாட்ஜுல கீறேன்னு சொல்வியே போன்ல.”

“…”

“மழ பேஞ்சா?”

“தார்ப்பாய் கீதுல்ல.”

முழங்கால் வலியென்று மாடிப்படிகூட ஏறாத அண்ணி, தரையில் கையை ஊன்றி, “அய்யோம்மா” என்று முனகிக்கொண்டே உள்ளே நுழைகிற சத்தம் கேட்டது. தார்ப்பாய் மொடமொடத்தது. புது பெட்ஷீட்டை ஒரு கை மேலிருந்து இழுத்துக்கொண்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்புறம் கட்டில் காலியாக இருக்கிறதே என்று எழுந்து போய்ப் படுத்தேன். நடு இடுப்பில் ஒரு பலகை துருத்திக்கொண்டு இருந்தது, இரண்டாவது அடி.

காலையில் அம்மியில் அரைத்த தேங்காய்ச் சட்னி. ரப்பர் வாசனை வந்தது. இரண்டு பேரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள்.

இப்போதுதான் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறார். அந்த ஸ்பேனர் வேண்டுமாம். அண்ணி டிரெஸ்ஸிங் டேபிளில் ஒரு டிராயரைக் காலி பண்ணி வைத்திருக்கிறாராம். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பையன் என் கையில்தான் கொடுத்தான். இப்போது என் 407இல் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.