பிரேக்கரை அணைத்துவிட்டு ஓர் இரவு

அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம் புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை நீளும். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஃப்ரிட்ஜுக்குப் போகும் இணைப்பை மட்டும் விட்டுவிட்டு வீட்டிலுள்ள மற்ற மின் பிரேக்கர்களை எல்லாம் அணைத்துவிடுவோம். மறுநாள் காலைவரை கையில் இருப்பதை வைத்துத்தான் சமையலும் வெளிச்சமும். 2024 ஜூலையில் பெரில் புயல் வந்துபோன பிறகு ஏற்பட்ட பழக்கம் இது.

அப்போது நாங்கள் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊருக்குக் குடிவந்து இரண்டு வருடம். அம்மா கடலூரிலிருந்து மூன்று மாதம் இருக்க வந்திருந்தார். புயல் மெக்சிகோ பக்கம் போகிறது என்றுதான் முதலில் சொன்னார்கள். ஜூலை 4 விடுமுறையின்போது பாதை வடக்கே திரும்பியது. அரசாங்கப் பட்டியலைப் பார்த்து வாங்கினோம்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் தண்ணீர், டின் உணவு, டார்ச், பேட்டரி. பட்டியலில் உள்ள எல்லாம் வந்துவிட்டதென்று நிம்மதியாகத் தூங்கினோம். ஜூலை 8 விடியற்காலையில் மட்டகோர்டா அருகே புயல் கரை கடந்தது. காலையில் கரண்ட் போனது. அந்த வட்டாரத்தில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் அன்று அணைந்தன. எங்களுக்கு நான்கு நாள் கழித்துத்தான் வந்தது.

முதல் காலையிலேயே அம்மா சமையலறையில் நின்று கேட்டார்: "ஏம்மா, ஒரு கேஸ் அடுப்புகூடவா இல்ல?" எங்கள் அடுப்பு மின்சாரத்தில் ஓடுவது. அரிசி, பருப்பு, ரவை எல்லாம் டப்பா டப்பாவாக இருந்தும் ஒன்றையும் வேகவைக்க வழியில்லை. வாங்கி வைத்த கொண்டைக்கடலை டின்னைத் திறக்கக் கையால் சுற்றும் திறப்பான் இல்லை. இருந்தது மின்சாரத்தில் ஓடுவது.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூரில் இருந்தவர் அவர். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததையும், பல நாள் கரண்ட் இல்லாமல் இருந்ததையும் பார்த்தவர். ஆனால் அங்கே வீட்டிலேயே அடிபம்பும் கேஸ் சிலிண்டரும் அரிக்கேன் விளக்கும் இருந்தன. யாரும் அவற்றைப் புயலுக்கென்று வாங்கி வைத்ததில்லை. இங்கே அப்படித் தானாக இருப்பது எதுவுமில்லை, ஒவ்வொன்றையும் யோசித்துச் சேர்க்க வேண்டும் என்று எனக்கு அந்த நான்கு நாளில்தான் உறைத்தது.

காரை எடுக்கப் போனால் கராஜ் கதவு திறக்கவில்லை. மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும், கையால் தூக்கலாம் என்பதை எதிர்வீட்டுக்காரர்தான் வந்து காட்டினார். கதவு கீழே மூடியிருக்கும்போதுதான் இழுக்க வேண்டும். பாதியில் நிற்கும்போது இழுத்தால் தடாலென்று விழக்கூடும்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது அம்மாவின் இன்சுலின். பயன்பாட்டில் இருந்த இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசி) பற்றி அவ்வளவு கவலையில்லை. பிரிக்காத பேனாக்கள் மூன்று ஃப்ரிட்ஜில் இருந்தன. திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம்தான் குளிர்ச்சி தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. வெளியே ஜூலை வெயில், வீட்டுக்குள் புழுக்கம். கடைகளில் ஐஸ் கிடைக்கவில்லை. கரண்ட் இருந்த ஷுகர்லேண்ட் நண்பர் வீட்டிலிருந்து தினமும் ஒரு பை ஐஸ் கொண்டுவந்தோம். பேனாக்களைத் துண்டில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் கூலர் பெட்டியில் வைத்தோம். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. அந்தத் துண்டை எத்தனை தடவை பிரித்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

இப்போது எங்கள் பெட்டியில் முதல் பொருள் அவல். தீயும் வேண்டாம், தண்ணீரும் கொஞ்சம் போதும். கூடவே பொட்டுக்கடலை, வெல்லம், புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய். குழந்தைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவதைத்தான் சேமித்து வைக்க வேண்டும். பழக்கமில்லாத டின் உணவு கெட்ட நேரத்தில் இன்னும் கசக்கும். சின்ன பியூட்டேன் அடுப்பு ஒன்று வாங்கியிருக்கிறோம், கொல்லைப்புறத் திறந்தவெளியில் மட்டும் பற்றவைக்க. 2021 பிப்ரவரி உறைபனியில் இந்த ஊரில் வீட்டுக்குள் குளிர்காய வழிதேடி, கார்பன் மோனாக்சைடு நச்சால் மனிதர்கள் இறந்தார்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்க வேண்டும். கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு காசு வைத்திருக்கிறேன். காசு அடியில் கிடந்தால், நாம் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். இட்லி மாவானாலும் இறைச்சியானாலும் அப்புறம் தூக்கிப்போட வேண்டியதுதான்.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னும் இரண்டு. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது. வெள்ளக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், எடுத்து 30 நாள் கழித்துத்தான் பெரும்பாலும் அமலுக்கு வரும். புயல் பெயர் கேட்டபின் எடுத்துப் பயனில்லை. அப்புறம், டெக்சாஸில் ஏப்ரல் கடைசியில் ஒரு சனி முதல் திங்கள் வரை பேட்டரி, டார்ச், ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு விற்பனை வரி கிடையாது.

போன வாரம் ஒத்திகை முடிந்தது. டார்ச் ஒன்றில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. இனி பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். அம்மா அடுத்த மாதம் மறுபடி வருகிறார். ஐஸ் பேக் நான்கு ஃப்ரீசரில் இருக்கின்றன, அவல் இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். வானொலிக்குப் பேட்டரி மட்டும் பாக்கி, நாளைக்குப் போய் வாங்க வேண்டும்.