அம்மா உக்காந்த இடத்துல இருந்தே ஊர் முழுக்க பாத்தாங்க

அம்மாவுக்கு முட்டி வலி வந்து ஏழெட்டு வருஷம் ஆச்சு. சேலம் அம்மாபேட்டைல குழித்தறில (குழிக்குள்ள கால விட்டு மிதிச்சு நெய்யுற கைத்தறி) உக்காந்து இருவது வருஷத்துக்கு மேல மிதிச்ச காலு, இப்ப நாலு படி ஏறுனாலே புடிச்சிக்குது. ஏற்காடு எங்களுக்கு பக்கம்தான், சொந்தக்காரங்க யார் வந்தாலும் மேல கூட்டிட்டு போயிருவோம், ஆனா லேடீஸ் சீட் போனாலும் சரி பகோடா பாயிண்ட் போனாலும் சரி அம்மா கார்லயே இருந்துக்குவாங்க. "நீங்க போய் பாத்துட்டு வாங்க சாமி, நான் பாத்ததுதான"ன்னு சொல்லிருவாங்க. நாங்க அங்க நின்னு சேலம் தெரியுது, மேட்டூர் தெரியுதுன்னு போட்டோ எடுத்துட்டு வர்ற வரைக்கும் அவங்க கண்ணாடிய இறக்கி விட்டுட்டு மக்காச்சோளம் சுடுறவர்கிட்ட பேசிட்டு இருப்பாங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கும்.

தங்கச்சிய கோலாலம்பூர்ல கட்டிக் கொடுத்திருக்கு. போன வருஷம் அம்மாவ கூட்டிட்டு போனப்ப தங்கச்சி வீட்டுக்காரர் கேஎல் டவர்ல மேல இருக்கிற சுத்துற ஹோட்டலுக்கு டேபிள் புக் பண்ணிட்டாரு. மொத்த டவர் 421 மீட்டர், ஹோட்டல் இருக்கிறது 282 மீட்டர்ல. படி ஏறணுமான்னுதான் அம்மா மொதல்ல கேட்டாங்க. லிப்ட்தான்னு சொன்னதும்தான் புடவை மாத்தவே போனாங்க.

உள்ள போனா தரைல ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்குது, அந்தப் பக்கம் நகருது. அம்மா என் கையப் புடிச்சிட்டு அந்தக் கோட்டுகிட்ட ஒரு நிமிஷம் நின்னுட்டாங்க, எஸ்கலேட்டர்னா அவங்களுக்கு பயம், ஆனா இது அப்படி இழுக்கல, ஒரு சின்ன அசைவு கூட இல்ல, கால எடுத்து வெச்சதும் தெரியல. உக்காந்ததும் கேட்ட கேள்வி, "ஏங்கண்ணு, இது வலமா சுத்துதா இடமா சுத்துதா?" நான் வெளிய பாத்துட்டே இருந்தும் எனக்கு சட்டுனு சொல்ல வரல, அவ்வளவு மெதுவு. அம்மா ஜன்னல் திண்டுல இருந்த ஒரு ஸ்க்ரூவுக்கு நேரா தண்ணி டம்ளர நகத்தி வெச்சுட்டு பாத்துட்டே இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல டம்ளர் ஸ்க்ரூவத் தாண்டி வந்துருச்சு. தறில பாவு நேரா இருக்கான்னு பாத்துப் பழகுன கண்ணு, அவங்களே கண்டுபிடிச்சிட்டாங்க.

அந்த ஜன்னல் திண்டு சுத்தாது, கண்ணாடியும் சுத்தாது, இது எங்களுக்கு அப்ப உறைக்கல. அம்மா கைப்பைய அந்தத் திண்டு மேல வெச்சுட்டு சாப்பிட ஆரம்பிச்சாங்க, பத்து நிமிஷம் கழிச்சு பாத்தா பையக் காணோம், உள்ள பாஸ்போர்ட் இருக்குன்னு எல்லாரும் பதறிட்டோம், பின்னாடி டேபிள்ல ஒரு சீனக்காரப் பெரியவர் சிரிச்சுகிட்டே எடுத்து நீட்டுனாரு. பை வெச்ச இடத்துலயேதான் இருந்திருக்கு, நாங்கதான் நகந்து வந்துட்டோம். சாப்பாடு பபே. அது இருக்கிறது நடுவுல, நிக்கிற பக்கம், அதனால தட்ட எடுத்துட்டு திரும்பினா நம்ம டேபிள் விட்ட இடத்துல இருக்காது, தங்கச்சி பையன் ரெண்டு தடவை வேற டேபிளுக்கு போயிட்டான்.

ஊருக்கு வந்தப்புறம் இது எப்படி சுத்துதுன்னு தேடித் தேடிப் படிச்சேன். மொத்த ஹோட்டலும் சுத்துறது இல்ல. லிப்ட், படிக்கட்டு, தண்ணிக் குழாய் எல்லாம் வர்ற நடுப்பகுதி அசையாம நிக்கும், அதச் சுத்தி வளையல் மாதிரி இருக்கிற தரை மட்டும் சக்கரத்து மேல உருளும். அமெரிக்கால சியாட்டில்ல ஸ்பேஸ் நீடில்னு ஒரு டவர், அதுல 1962ல இந்த வளையத்த சுத்துறதுக்கு ஒரே ஒரு ஹெச்பி மோட்டார்தான் போட்டிருந்தாங்களாம். எங்க சித்தப்பா தோட்டத்துல கிணத்துத் தண்ணி எறைக்கவே அஞ்சு ஹெச்பி மோட்டார். அவ்வளவு பேர் உக்காந்து சாப்பிடுற தரைய அதுல அஞ்சுல ஒரு பங்கு மோட்டார் சுத்துதுன்னா, எடை எல்லாப் பக்கமும் சமமா உக்காந்து, சக்கரம் எல்லாம் சுத்தமா உருளணும், அந்த வேலைய செஞ்சவங்களுக்கு கைய எடுத்துக் கும்பிடணும்.

வேகமும் அப்படித்தான், ரொம்ப யோசிச்சு வெச்சிருக்காங்க. கனடால டொராண்டோ சிஎன் டவர்ல 351 மீட்டர் உயரத்துல இருக்கிற ஹோட்டல் ஒரு சுத்து வர 72 நிமிஷம் ஆகுது. நம்ம ஊர்ல ஆடி மாசம் பொருட்காட்சில ராட்டினம் ஏறுனா எறங்கி பத்து நிமிஷத்துக்கு தல சுத்தும், இது அந்த ரகம் இல்ல. ஒரு ஆள் நிதானமா சாப்பிட்டு பேசி முடிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அந்த நேரத்துல ஒரு சுத்து.

இந்த ஆசை புதுசும் இல்ல. ரோம்ல நீரோ மன்னன் அரண்மனைல வட்டமான ஒரு விருந்து மண்டபம் ராப்பகலா சுத்திட்டே இருந்துச்சுன்னு சூட்டோனியஸ்னு அந்தக் காலத்து ரோமானிய வரலாற்று ஆசிரியர் எழுதி வெச்சிருக்காரு. டவர் மேல கொண்டு போனது ஜெர்மனிக்காரங்க, டார்ட்மண்ட்ல 1959ல. அப்புறம் கெய்ரோ, பெர்லின்னு வரிசையா வந்துச்சு. டெல்லில பரிக்ரமான்னு பேர் வெச்சு 24வது மாடில ஒண்ணு இருக்கு, பரிக்ரமான்னா பிரதட்சிணம், பேரு எவ்வளவு பொருத்தம் பாருங்க, நாம சந்நிதிய சுத்துற மாதிரியே லிப்ட சுத்துறோம்.

இந்த மாதிரி ஹோட்டலப் பத்தி பேசுனா எல்லாரும் சொல்றது, விலை ஜாஸ்தி, அந்தக் காசுக்கு கீழ ரெண்டு தடவை நல்லா சாப்பிடலாம்னு. உண்மைதான், சாப்பாட்டுக்காக மட்டும்னா நானும் மேல போகமாட்டேன், எனக்கு ரோட்டோரத்துல தட்டுவடை செட் போதும். ஆனா நடக்க முடியாதவங்கள வெச்சு யோசிச்சுப் பாருங்க. எந்த வியூ பாயிண்ட் போனாலும் பாக்குறதுக்கு நாமதான் நடக்கணும், கம்பிகிட்ட போய் எட்டி நிக்கணும், அந்தப் பக்கம் பாக்கணும்னா சுத்தி வரணும். அன்னிக்கு அம்மா நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல. இரட்டைக் கோபுரம் அவங்ககிட்ட வந்துச்சு, தூரத்து மலை வந்துச்சு, வெளிச்சம் போய் ரோடெல்லாம் லைட் எரிய ஆரம்பிச்சது, மறுபடி இரட்டைக் கோபுரம் வந்துச்சு, இந்தத் தடவை வெள்ளை வெளேர்னு. "பாரு கண்ணு, மறுக்கா வந்துருச்சு"ன்னு என் தோளத் தட்டுனாங்க. ஏழெட்டு வருஷமா கார்ல உக்காந்து காத்துட்டு இருந்தவங்க.

அப்ப இருந்து சேலத்த நெனச்சுட்டே இருக்கேன். இப்படிப் பாக்குறதுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு ஊர் இது. வடக்க சேர்வராயன் மலை, மேற்க கஞ்சமலை, தெற்க ஜருகுமலை, கிழக்க கோதுமலை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிக்குது. நடுவுல ஒரு சுத்துற தரை இருந்தா ஒரு காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கஞ்சமலை அடிவாரத்துல ஸ்டீல் பிளாண்ட், ஏற்காட்டு அடிவாரத்துல வெள்ளக்கல் வெட்டுன குழி எல்லாம் ஒண்ணொண்ணா வந்து போகும். ஏற்காட்டுக்கு டவர் கூட வேண்டாம். ஏற்காடு 1515 மீட்டர், கீழ சேலம் முன்னூறு மீட்டருக்குள்ளதான், அந்த வித்தியாசமே சிஎன் டவர் மாதிரி ரெண்டு டவருக்கு மேல வருது. ஸ்விட்சர்லாந்துல ஷில்த்ஹார்ன்னு ஒரு மலை, 2970 மீட்டர், அது உச்சில டவர் இல்லாமலே ஒரு சுத்துற ஹோட்டல் 1969ல இருந்து இருக்கு, கேபிள் கார்ல போறாங்க.

அதுக்காக ஏற்காட்டுல மரத்த வெட்டி பெரிய கட்டடம் கட்டணும்னு நான் சொல்லல, ஏற்கனவே காப்பித் தோட்டத்துக்கு நடுவுல கட்டுனது போதும். மழைக் காலத்துல பனிமூட்டம் வந்தா பக்கத்துல நிக்கிற ஆளே தெரியாது, அப்ப சுத்தினாலும் ஒண்ணும் தெரியாது. நான் கேக்குறது சின்னது. ஏற்கனவே இருக்கிற வியூ பாயிண்ட்ல படி இல்லாம கார் நிக்கிற இடத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு சாய்தளம், நாலு பக்கமும் பாத்த மாதிரி முதுகு சாயுற பெஞ்சு.

போன மாசம் அம்மாவ கூட்டிட்டு மறுபடி ஏற்காடு போனேன். இருவது கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுல சேலம் இடது பக்கம் தெரியும், அடுத்ததுல வலது பக்கம் வந்துரும், அதுக்கடுத்ததுல மறுபடி இடது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சின்னதா. வழக்கமா கண்ண மூடிட்டு எலுமிச்சம்பழத்த மோந்துட்டே வர்றவங்க அன்னிக்கு கண்ணாடிய முழுசா இறக்கிட்டாங்க. பதினோராவது வளைவு தாண்டுறப்ப என் கைய தொட்டு, "மெதுவா ஓட்டு சாமி, அந்த ஓட்டல் போன மாதிரி போ"ன்னாங்க. செகண்ட் கியருக்கு மாத்துனேன். பின்னாடி வந்த பஸ்ஸ முன்னாடி போகச் சொல்லி கை காட்டிட்டு அப்படியே மெதுவாவே மேல வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன்.