கெடிமேட்டு ஏழு சுத்துக் கோட்டையும் 400 ரூபாய் ஆட்டோவும்

பொள்ளாச்சியிலிருந்து கெடிமேட்டுக்கு ஆட்டோ 400 ரூபாய். இப்போது எழுதும்போதும் வயிறு எரிகிறது. உடுமலை பஸ் எல்லாமே அந்த வழியாகத்தான் போகிறது என்பது திரும்பும்போதுதான் தெரிந்தது. எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதெல்லாம் பிறகு.

கோட்டை என்றதும் மதில் எதையும் தேடாதீர்கள். தரையோடு தரையாகக் கல் அடுக்கிய 56 அடிச் சதுரம், அவ்வளவுதான். 2015-இல்தான் செய்திகளில் அடிபட்டது. உள்ளே ஒரே பாதை, கிளையே கிடையாது. ஏழு சுற்றும் மடங்கி மடங்கி நடுவில் கொண்டுபோய் விடுகிறது. நடுவை நெருங்கிவிட்டோம் என்று நினைக்கும்போதே வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும். வெயிலில் இரண்டு முறை நடந்தேன்.

எரிச்சல் என்னவென்றால், யாரைக் கேட்டாலும் '2,000 வருசப் பழசு' என்கிறார்கள். கிரேக்கத்துப் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகையில் இதே ஏழு சுற்று, இதே சதுரம். அதன் காலம் உறுதி. கி.மு. 1200 வாக்கில் அரண்மனை தீப்பிடித்ததில் பலகை வெந்து இறுகிவிட்டது. முன்பக்கம் வெள்ளாட்டுக் கணக்கு. கணக்குப்பிள்ளை சலித்துப்போய்ப் பின்பக்கம் கிறுக்கியிருப்பார் போல. சரி, வடிவம் பழசு. அதற்காக இந்தக் கல்லும் பழசாகிவிடுமா? சுவீடன் கடலோரத்தில் இப்படிக் கல் அடுக்கிய சுற்றுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சில நூறு ஆண்டுப் பழசுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரோமாபுரி வணிகம் நடந்தது, வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்தன, எல்லாம் உண்மை. காசு வந்த வழியில்தான் இந்த வடிவமும் வந்தது என்பதற்கு அது போதாது.

டீக்கடை அம்மாவிடம் புலம்பினேன். பசிக்கிறது என்றதும் சந்தகையும் தேங்காய்ப் பாலும் வைத்தார். 30 ரூபாய்! இந்தப் பயணத்தில் மனசார கொடுத்த காசு அது ஒன்றுதான்.

"ஏனுங் தம்பி, இதைப் பாக்கவா அவ்வளவு தூரம் வந்தீங்க? எங்க அம்மா வாசல்லயே போடுமுங்க."

குச்சியை எடுத்து மண்ணில் கூட்டல் குறி ஒன்று போட்டார். நாலு மூலையிலும் 'ட' மாதிரி ஒவ்வொரு மடக்கு, அதற்கு வெளியே நாலு புள்ளி. பிறகு மேல்முனையிலிருந்து பக்கத்து முனைக்கு ஒரு வளைவு, அடுத்ததற்கு இன்னொன்று. கண்ணிமைப்பதற்குள் கோட்டை எழும்பிவிட்டது.

நானும் போட்டுப் பார்த்தேன், செலவுக் கணக்கு எழுதிய தாளின் பின்பக்கம். மூன்றாவது வளைவிலேயே முட்டிக்கொண்டது.